தனி வயலின் கச்சேரியில் பரோக்கும் நவீனமும்: எந்தக் கருவி, எந்த வில், எந்த வரிசை?

பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் ஒரே ஒரு வயலினுடன் மேடையேறி, பரோக் காலத்து (ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான மேற்கத்திய இசை) உருப்படிகளையும் இருபதாம் நூற்றாண்டு உருப்படிகளையும் ஒரே மாலையில் வாசிக்க நினைப்பவர், பயிற்சியைத் தொடங்கும் முன்பே சில முடிவுகளை எடுத்தாக வேண்டும். இரண்டு காலத்துக்கும் ஒரே கருவி போதுமா, இல்லை தனித்தனிக் கருவிகள் வேண்டுமா? சுருதி ஒன்றா, இரண்டா? பழையது முதலில் வருமா, கடைசியில் வருமா, இடையிடையே கலந்து வருமா? பெரும்பாலோர் முதற்கேள்வியை "எது வரலாற்றுக்கு நெருக்கமானது" என்ற கோணத்தில் மட்டும் அணுகுகிறார்கள். அந்தக் கோணம் தவறானதல்ல. ஆனால் அது ஓர் உருப்படியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்வி. கச்சேரி என்பது உருப்படிகள் அடுத்தடுத்து வரும் தொடர். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் அந்த அரை நிமிடத்தில் கேட்பவர் காதில் என்ன நிகழ்கிறது என்பதை வைத்தே கருவியையும் வரிசையையும் சேர்த்துத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த அளவுகோலை வைத்துக்கொண்டு இங்கே தேர்வுகளை ஒப்பிடுகிறேன்.

நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் இன்றைய வயலினிலும் இன்றைய வில்லிலும் 440 ஹெர்ட்ஸ் சுருதியில் (ஏ சுரத்தின் அதிர்வெண்) வாசிப்பது முதல் வழி. அதே வயலினை வைத்துக்கொண்டு பழைய இசைக்கு மட்டும் பரோக் வில்லைக் கையிலெடுப்பது இரண்டாவது. பரோக் வயலின் 415 ஹெர்ட்ஸிலும் இன்றைய வயலின் 440 ஹெர்ட்ஸிலுமாக இரண்டு கருவிகளைக் கொண்டுபோவது மூன்றாவது. ஒரே வயலினில் ஆட்டுக்குடல் தந்திகளைப் பூட்டி முழுக் கச்சேரியையும் அதிலேயே வாசிப்பது நான்காவது.

ஐந்தாவது வழி ஒன்று உண்டென்று நானும் ஒருகாலத்தில் நினைத்தேன். இடைவேளையில் அதே வயலினின் சுருதியை 415-இலிருந்து 440-க்கு ஏற்றிவிட்டால் இரண்டாம் பாதியை நவீன உருப்படிகளுக்கு ஒதுக்கிவிடலாம் என்பது கணக்கு. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஓர் அரைச்சுரம்தான் வேறுபாடு. ஆனால் தந்தியின் இழுவிசை சுருதியின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 440-இல் இருக்கும் இழுவிசையைவிட 415-இல் இருப்பது சுமார் 11 விழுக்காடு குறைவு. நான்கு தந்திகளிலும் இந்த மாற்றம் ஒரே நேரத்தில் நிகழும்போது வயலினின் மேற்பலகையின் மீதுள்ள அழுத்தம் மாறுகிறது. பிருடையைத் திருகத் திருகக் குதிரை (தந்திகளைத் தாங்கும் சிறு மரத்துண்டு) விரற்பலகைப் பக்கமாகச் சாய்கிறது. தந்திகள் அடங்கி உட்கார மணிக்கணக்கில் ஆகிறது. நான் இதைச் செய்துபார்த்த மாலையில், இரண்டாம் பாதியின் மெதுவான உருப்படி முழுவதும் டி தந்தி இறங்கிக்கொண்டே இருந்தது. திறந்த தந்தியைத் தொட வேண்டிய இடங்களிலெல்லாம் விரலை வைத்துச் சமாளித்தேன். ஆகவே அந்த வழியை இந்த ஒப்பீட்டிலிருந்து நீக்கிவிடுகிறேன்.

வேறுபாடு எங்கே இருக்கிறது என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பழைய வயலின் என்பதும் பரோக் வயலின் என்பதும் ஒன்றல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பழைய கருவிகளின் கழுத்து மாற்றப்பட்டுச் சாய்வாகப் பொருத்தப்பட்டது, விரற்பலகை நீண்டது, உள்ளே இருக்கும் மந்தரச் சட்டம் பருத்தது. ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களில் இன்று மேடையில் ஒலிப்பவை ஏறக்குறைய அனைத்தும் இவ்வாறு மாற்றப்பட்டவையே. தாடைத் தாங்கி 1820-ஐ ஒட்டி வயலின் கலைஞர் லூயி ஷ்போர் கொண்டுவந்தது. தோள் தாங்கி அதற்கும் பிற்பட்டது. அதாவது, முந்நூறு ஆண்டு பழமையான கருவி ஒருவரிடம் இருந்தாலும், அது பரோக் இசையமைப்பாளர் பாக் காலத்து நிலையில் இருப்பதாகப் பொருளில்லை.

வில்லில் உள்ள வேறுபாடு இதைவிட ஆழமானது. பரோக் வில்லின் தண்டு மயிரிலிருந்து விலகி வெளிப்பக்கமாக வளைந்திருக்கும், அல்லது நேராக இருக்கும். நுனி மெலிந்து எடை குறைந்திருக்கும். பாரிஸில் பிரான்சுவா சேவியர் தூர்த் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் நிலைப்படுத்திய வில்லோ மயிரை நோக்கி உட்பக்கமாக வளைந்தது. ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் நீளமும் 60 கிராம் எடையும் கொண்டது. அடிமுதல் நுனிவரை ஒரே வலிமையில் ஒலியை நீட்டுவதற்காக அது உருவாக்கப்பட்டது. பரோக் வில்லை ஓர் இழுப்பு இழுத்து, கையைத் தன்போக்கில் விட்டால், ஒலி நடுவில் மலர்ந்து நுனியில் தானாகவே தேய்கிறது. நவீன வில்லில் அந்தத் தேய்வைக் கை செய்துகாட்ட வேண்டும். பரோக் வில்லில் நீட்சியைக் கை செய்துகாட்ட வேண்டும். ஒவ்வொரு வில்லுக்கும் ஒரு சோம்பல் உண்டு என்றே சொல்லலாம்; அந்தச் சோம்பல் எந்த உருப்படிக்குப் பொருந்துகிறதோ அங்கே கலைஞரின் வேலை பாதியாகிறது.

முதல் வழியை இப்போது எடுத்துக்கொள்வோம். நவீன வயலினில் நவீன வில்லால் பாக் வாசிப்பதைக் குறையென்று சொல்ல எந்த அடிப்படையும் இல்லை. பாக் தம் கையெழுத்தில் 1720 என்று ஆண்டு குறித்து எழுதிவைத்த ஆறு தனி வயலின் உருப்படிகளும் பொதுமேடைக்கு வந்து நிலைபெற்றதே நவீன வில்லின் துணையால்தான். கலைஞருக்கு ஒரே தசைப்பழக்கம், ஒரே சுருதி, ஒரே எடை. கவனம் முழுவதையும் இசையில் வைக்கலாம். பெரிய அரங்கில் இதன் ஒலி கடைசி வரிசைவரை போய்ச் சேரும். குறை வேறிடத்தில் இருக்கிறது. மாலை முழுவதும் ஒரே ஒலிநிறம் நிலைத்திருப்பதால், பரோக் காலத்துப் பீபரும் பாக்கும், இருபதாம் நூற்றாண்டின் பார்டோக்கும் ஒரே குரலில் பேசுவதுபோல் ஆகிவிடக்கூடும். அதைத் தவிர்க்கச் சிலர் பாக் வாசிக்கும்போது விப்ராட்டோவை (விரலை அசைத்துச் சுரத்தை நடுங்கச்செய்வது) முற்றிலும் நிறுத்திவிட்டு அதையே பழைய பாணி என்று கருதுகிறார்கள். வரலாறு அப்படி ஒரே சொல்லில் தீர்ப்பு எதுவும் தரவில்லை. லியோபோல்ட் மொசார்ட் 1756-இல் வெளியிட்ட வயலின் நூலில், தீராத நடுக்கம் பிடித்தவர்களைப்போல் ஒவ்வொரு சுரத்தையும் அசைப்பவர்களைக் கண்டித்தார். அதற்கு ஐந்தே ஆண்டுகள் முன்னர், 1751-இல், ஜெமினியானி அதை முடிந்தவரை அடிக்கடி பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்தார். விரலசைவை நிறுத்துவது எளிது. வில்லின் பேச்சை மாற்றுவதே கடினம்.

அந்தக் கடினத்தைத்தான் இரண்டாவது வழி குறைக்கிறது. பாக்கின் முதல் சொனாட்டா ஜி மைனர் நாண் (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டு) ஒன்றுடன் தொடங்குகிறது: நான்கு தந்திகளையும் ஒரே இழுப்பில் தொட வேண்டும். குதிரை வளைந்திருப்பதால் எந்த வில்லாலும் நான்கையும் ஒருசேர நீட்டி ஒலிக்கச் செய்ய முடியாது. உடைத்தே வாசிக்க வேண்டும். நவீன வில்லில் இந்த நாண் கீழிரண்டு, மேலிரண்டு என்று இரண்டு கட்டிகளாக உடைவது வழக்கம். அந்த உடைப்பில் ஓர் இடி இருக்கும். பரோக் வில்லில் அதே நாணைக் கீழிருந்து மேலாக உருட்டிவிட்டு மேற்சுரத்தை அப்படியே காற்றில் விட்டுவிடலாம். கீழ்ச்சுரங்கள் மறைந்த பிறகும் அவற்றின் நினைவு காதில் தங்கும். (நான்கு தந்திகளையும் ஒன்றாக ஒலிக்கச் செய்வதற்கென்றே இருபதாம் நூற்றாண்டில் மிகையாக வளைந்த "பாக் வில்" ஒன்றைச் செய்து பார்த்தார்கள், பாக் காலத்தில் அப்படியொரு வில் இருந்ததற்குச் சான்றில்லை. விளைந்த ஒலியோ ஆர்மோனியத்தை நினைவூட்டுவது.) ஆகவே வயலினை மாற்றாமல் வில்லை மட்டும் மாற்றினாலே பரோக் ஒலியின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது, சுருதி மாறுவதில்லை, கழுத்தின் பருமன் மாறுவதில்லை, தாடை வைக்கும் இடம் மாறுவதில்லை.

இந்த வழிக்கும் விலை உண்டு. இன்று பரவலாக உள்ள செயற்கை இழைத் தந்திகளையும் எஃகு இ தந்தியையும் நினைவில் வைத்துச் செய்யப்பட்டதல்ல பரோக் வில். எடை குறைந்த வில்லை இழுவிசை மிகுந்த தந்தியில் வைக்கும்போது ஒலி சிலவேளை மேலோட்டமாகச் சறுக்குகிறது. பாக்கின் இ மேஜர் பார்ட்டீட்டாவின் (பல பகுதிகள் கொண்ட தொகுப்பு) முதற்பகுதியில், திறந்த இ தந்தியையும் பக்கத்துத் தந்தியில் விரல் வைத்த சுரங்களையும் மாறிமாறித் தொடும் நீண்ட ஓட்டம் வருகிறது. அங்கே எஃகு இ தந்தி சீட்டியடிக்கும் ஆபத்து நவீன வில்லிலும் உண்டு. பரோக் வில்லில் அது இன்னும் நெருங்கி வரும். இ தந்திக்கு மட்டும் வேறு வகைத் தந்தியைப் பூட்டிப் பார்ப்பதும், வில் தொடும் இடத்தைக் குதிரையிலிருந்து சற்றே விலக்குவதும் உதவும். மற்றபடி இது வாரக்கணக்கில் பழகித் தீர வேண்டிய விஷயம். கச்சேரிக்கு முந்திய வாரத்தில் பரோக் வில்லைக் கடன் வாங்குபவருக்கு நான் முதல் வழியையே பரிந்துரைப்பேன்.

மூன்றாவது வழி கண்ணுக்கும் காதுக்கும் மிகுந்த கவர்ச்சி உடையது. இரண்டு வயலின்கள், இரண்டு வில்கள், இரண்டு ஒலியுலகங்கள். குடல் தந்தி பூட்டிய வயலினில் 415-இல் ஒலிக்கும் பீபரைக் கேட்டவருக்கு, மற்ற வழிகளெல்லாம் சமரசமாகவே தோன்றும். தந்தியின் முறுக்கில் வில் பிடிக்கும் அந்தச் சின்னக் கரகரப்பு, அடித்தொண்டையிலிருந்து எழும் குரல்போன்ற ஜி தந்தி, ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் மெய்யெழுத்துபோல் கேட்கும் ஒரு தட்டல் ஆகியவற்றை வேறெந்த வழியாலும் முழுமையாகப் பெற முடியாது. ஆனால் இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர் இரண்டு கருவிகளோடும் நாள்தோறும் வாழ்பவராக இருக்க வேண்டும். கழுத்தின் சாய்வும் பருமனும் வேறு. தாடைத் தாங்கியும் தோள் தாங்கியும் இல்லாமல் கருவியைப் பிடிக்கும் முறையே வேறு. இடக்கை மேல்நிலையிலிருந்து கீழே இறங்கும் வழியும் வேறு. சுருதி நினைவு கூர்மையாக உள்ளவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு: தாளில் டி மைனர் என்று பார்த்துக்கொண்டே காதில் சி ஷார்ப் மைனரைக் கேட்க வேண்டும்; பழகியவருக்கு அது ஒன்றுமில்லை, பழகாதவருக்கு விரல் தடுமாறும். மேலும், மேடை விளக்கின் வெப்பத்தில் காத்துக்கிடக்கும் குடல் தந்தி தன் சுருதியில் நிற்காது. இரண்டாவது வயலினைக் கையிலெடுத்ததும் ஒருமுறை நிதானமாகச் சுருதி சேர்க்க வேண்டியிருக்கும். இடைவேளையை ஒட்டிக் கருவியை மாற்றினால் இது பொருட்டல்ல. உருப்படிக்கு உருப்படி மாற்றினால் கச்சேரியின் நடையே குலைந்துபோகும்.

நான்காவது வழியைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. எனக்கோ அதில் தனி ஈடுபாடு உண்டு. குடல் தந்தி என்றால் பரோக், செயற்கைத் தந்தி என்றால் நவீனம் என்று நாம் மனத்துக்குள் போட்டு வைத்திருக்கும் கோடு உண்மையில் அந்த இடத்தில் இல்லை. வயலின் கலைஞரும் இசையமைப்பாளருமான யூஜின் இசாயி தம் ஆறு தனி வயலின் சொனாட்டாக்களை 1923-இல் எழுதியபோது குடல் தந்திகளே பரவலாக இருந்தன. எஃகு இ தந்தி அப்போதுதான் இடம்பிடித்துக்கொண்டிருந்தது. வயலின் மேதை ஹைஃபெட்ஸ் தம் வாழ்நாள் முழுவதும் ஏ, டி இரண்டுக்கும் வெறும் குடல் தந்தியையே வைத்திருந்தார். செயற்கை இழைத் தந்தியைப் பரவலாக்கிய டாமினன்ட் சந்தைக்கு வந்தது 1970-இல்தான். அப்படியானால் குடல் தந்தியில் இசாயியை வாசிப்பது அவர் காலத்துக்குச் சரியாகவே இருக்கும். பாக்கும் இசாயியும் மட்டும் கொண்ட நிரலுக்கு, குடல் தந்தி பூட்டிய ஒரே வயலினும் இரண்டு வில்லும் போதும் என்பேன். ஆனால் லூசியானோ பெரியோவின் எட்டாவது செக்வென்ஸா போன்ற ஒன்று நிரலில் இருந்தால் இந்த வழி சிக்கலாகிவிடும். ஏ, பி என்னும் அருகருகே உள்ள இரண்டு சுரங்களை மையமாக வைத்து, வில்லை அழுத்தி அழுத்திப் பதின்மூன்று நிமிடம்போல் வளர்த்துச் செல்லும் அந்த உருப்படியில் குடல் தந்தி நார் பிரிந்துவிடக் கூடும்; பிரிந்தால் மேடையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. காற்றின் ஈரப்பதமும் இங்கே பெரிய பகை.

இப்போது நான் முதலில் சொன்ன, ஓர் உருப்படி முடிந்து மற்றொன்று தொடங்கும் சந்திப்புக்கு வருகிறேன். இசாயியின் இரண்டாவது சொனாட்டா, பாக்கின் இ மேஜர் பார்ட்டீட்டாவின் தொடக்க அடிகளை அப்படியே எடுத்துக்கொண்டு ஆரம்பிக்கிறது. மெல்லிய குரலில் பாக்கின் அந்த வரி, சட்டென்று ஒரு நிறுத்தம், உடனே அதை எட்டி உதைப்பதுபோல் இசாயியின் முரட்டுப் பாய்ச்சல், மறுபடியும் பாக். பாக்கைத் தலையிலிருந்து விரட்ட முடியாத ஒரு வயலின் கலைஞனின் தவிப்பு அது. முதற்பகுதிக்கு அவர் வைத்த பெயரே "தீரா மயக்கம்" என்ற பொருள் தருவது. கத்தோலிக்க இறுதிச்சடங்கின் பழம்பாடலான "தியேஸ் ஈரே"யின் மெட்டும் நான்கு பகுதிகளிலும் நிழலாக வந்துபோகிறது. பாக்கின் பார்ட்டீட்டா முழுவதையும் வாசித்து முடித்த கையோடு இந்தச் சொனாட்டாவைத் தொடங்கினால், ஏறத்தாழ பதினெட்டு நிமிடங்களுக்கு முன் கேட்ட அதே வரி திரும்ப வருகிறது. கலைஞர் மறந்துபோய் மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறாரோ என்று அரங்கம் ஒரு கணம் திகைக்கும். தனி வயலின் நிரல்களில் இதைவிடச் சுவையான சந்திப்பை நான் அறியேன்.

இந்தச் சந்திப்பை வைத்து நான்கு வழிகளையும் சோதித்துப் பார்க்கலாம். மூன்றாவது வழி இங்கே தோற்கிறது. பாக்கை 415-இல் வாசித்துவிட்டு இசாயியை 440-இல் தொடங்கினால், மேற்கோள் அரைச்சுரம் உயர்ந்து ஒலிக்கும். நினைவில் பதிந்த குரல் திரும்ப வருவதற்குப் பதிலாக அதன் ஒன்றுவிட்ட உறவினர் வந்து நிற்பதுபோல் இருக்கும். இசாயியின் தந்திரம் அவ்வளவும் வீண். முதல் வழியில் மேற்கோள் துல்லியமாக அமையும்: அதே சுருதி, அதே நிறம், திகைப்பும் முழுமையாகக் கிடைக்கும். நான்காவது வழியும் அப்படியே. ஆனால் இரண்டாவது வழியில் நிகழ்வது எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்திருக்கிறது. சுருதி அதேதான், வயலின் அதேதான், சுரங்களும் அவையேதான். வில் மட்டும் மாறியிருக்கிறது. கேட்பவருக்கு யாரும் விளக்காமலே, அந்த இரண்டே அடிகளில், இருநூறு ஆண்டு இடைவெளியில் வயலினின் பேச்சு எப்படி மாறியது என்பது காதாலேயே புலப்பட்டுவிடுகிறது. முதல் தடவை துள்ளிச் சிதறிய வரி, இரண்டாம் தடவை சற்றே கனத்து, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் ஒலிக்கிறது. எந்த முன்னுரையும் இந்த வேலையைச் செய்ய முடியாது.

வரிசையைப் பற்றிய கேள்வியும் இதிலேயே பாதி தீர்ந்துவிடுகிறது. கால வரிசையில் பழையது முதற்பாதி, புதியது இரண்டாம் பாதி என்று வைப்பது மூன்றாவது வழிக்கு மட்டுமே இயல்பாகப் பொருந்தும். கருவி மாற்றத்தை இடைவேளை விழுங்கிக்கொள்ளும். ஆனால் அப்படி வைத்தால், முதற்பாதி ரசிகர்களுக்கு, இரண்டாம் பாதி மாணவர்களுக்கு என்று கச்சேரி இரண்டாகப் பிளக்கும் ஆபத்து இருக்கிறது. தலைகீழாக, நவீனத்தை முன்னே வைத்து பாக்கில் முடிப்பதும் உண்டு. டி மைனர் பார்ட்டீட்டாவின் சாக்கோன் நிரலில் இருந்தால் பலர் இதையே செய்கிறார்கள். மைனரில் தொடங்கி, நடுவில் மேஜருக்கு மலர்ந்து, மீண்டும் மைனருக்குத் திரும்பும் அந்த ஏறத்தாழ பதினான்கு நிமிடங்களுக்குப் பிறகு எதை வாசித்தாலும் அது சிறுத்துத்தான் போகும். அந்தக் காரணத்துக்காகவே சாக்கோனை இப்படிப்பட்ட கலப்பு நிரலில் சேர்க்காமல் விடுவது மேல் என்று நான் கருதுகிறேன். அது வந்தால் மற்ற எல்லாம் அதற்கு முன்னோட்டமாகிவிடுகின்றன. நவீன உருப்படிகள் தம் சொந்தக் காலில் நிற்க இடமில்லாமல் போகிறது. இந்தக் கருத்தோடு என் நண்பர்கள் பலர் உடன்படுவதில்லை.

சாக்கோன் வேண்டாமென்றால், அதன் வடிவமும் வேண்டாமென்று பொருளல்ல. திரும்பத் திரும்ப வரும் ஒரு சிறு அடித்தளத்தின் மேல் மாறுபாடுகளை அடுக்கும் அந்த முறைக்குப் பாக்குக்கு முன்பே அருமையான முன்மாதிரி இருக்கிறது: ஹைன்ரிக் பீபர் 1670-களில் எழுதிய ஜி மைனர் பாசகாலியா. ஜி, எஃப், இ ஃபிளாட், டி என்று இறங்கும் நான்கே சுரங்கள். அவை 65 முறை வருகின்றன. ஒன்பது நிமிடம்போல் ஆகும். இது இடம்பெறும் பீபரின் தொகுப்பில் பெரும்பாலான சொனாட்டாக்களுக்குத் தந்திகளை வேறு சுருதிகளுக்கு மாற்ற வேண்டும். பாசகாலியாவுக்கு அது தேவையில்லை என்பதால் கலப்பு நிரலில் தயக்கமின்றிச் சேர்க்கலாம். இதற்கு அடுத்து பேலா பார்டோக்கின் தனி வயலின் சொனாட்டாவை வைத்துப் பாருங்கள். யெஹூதி மெனுகின் கேட்டுக்கொண்டதற்காக 1944-இல் எழுதப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அவராலேயே நியூயார்க்கில் அரங்கேற்றப்பட்ட அந்தச் சொனாட்டாவின் முதற்பகுதிக்குப் பார்டோக் இட்ட தலைப்பு "சாக்கோனின் நடையில்" என்பது. அதுவும் ஜி-யை மையமாகக் கொண்டது. பீபர் இறங்கி வந்து நின்ற அதே ஜி-யிலிருந்து பார்டோக் எழுகிறார். இங்கேயும் 415-க்கும் 440-க்கும் இடையே தாவினால் இந்த உறவு அறுந்துவிடும்.

அரங்கின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கல் சுவரும் உயர்ந்த கூரையும் கொண்டு ஒலி நெடுநேரம் தங்கும் சிறிய இடத்தில் பரோக் வில்லும் குடல் தந்தியும் தாமே பாடும். ஆயிரம் பேர் அமரும், துணியும் மரமும் ஒலியை உறிஞ்சும் அரங்கில் முதல் வழியே பாதுகாப்பானது.

செலோ வாசிப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு சற்றே வேறு வடிவம் எடுக்கிறது. பாக்கின் ஐந்தாவது செலோ தொகுப்பு ஏ தந்தியை ஜி-க்கு இறக்கச் சொல்கிறது; ஆறாவது தொகுப்பு ஐந்து தந்திக் கருவிக்காக எழுதப்பட்டது; 1915-இல் கொடாய் எழுதிய தனி செலோ சொனாட்டாவோ கீழிரண்டு தந்திகளை பி-க்கும் எஃப் ஷார்ப்புக்கும் இறக்கச் சொல்கிறது. இவற்றில் இரண்டு ஒரே மாலையில் வந்தால், பழமை பற்றிய பற்று எதுவும் இல்லாதவர்கூட இரண்டாவது கருவியைத் தேட வேண்டியதுதான். வயலினில் ஆடம்பரமாகத் தோன்றும் மூன்றாவது வழி, செலோவில் தேவையாகிவிடுகிறது.

வயலினுக்கு என் தேர்வு இரண்டாவது வழி. நிரலும் அதை ஒட்டியே அமைகிறது. முதற்பாதியில் பாக்கின் இ மேஜர் பார்ட்டீட்டா, உடனே இசாயியின் இரண்டாவது சொனாட்டா: சுமார் 31 நிமிடம். இடைவேளைக்குப் பிறகு, லுட்டோஸ்லாவ்ஸ்கியின் நினைவாக 1994-இல் கையா சாரியாஹோ எழுதிய "நாக்டர்ன்". ஆறு நிமிடம்போல் நீளும் அந்த மங்கலான ஒலிவெளி, பேச்சும் சலசலப்புமாகத் திரும்பி வந்தமர்ந்த அரங்கை அமைதிப்படுத்தும். அதைத் தொடர்ந்து பீபர்; பின்னர் ஏறத்தாழ 25 நிமிடப் பார்டோக். மொத்தம் எழுபது நிமிடத்தைச் சற்றே தாண்டும்.

இந்த நிரலில் வில்லை மூன்று முறை மாற்ற வேண்டும்; அதில் ஓரிடம் என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. பாக்கின் கடைசிப் பகுதிக்கும் இசாயியின் தொடக்கத்துக்கும் இடையே கைதட்டல் வரும், அதன் மறைவில் மாற்றிக்கொள்ளலாம். சாரியாஹோவுக்கும் பீபருக்கும் இடையேயும் அவ்வாறே. பீபருக்கும் பார்டோக்குக்கும் இடையே கைதட்டல் வரக்கூடாது. வந்தால் ஜி-யின் உறவு கலைந்துவிடும். அங்கே வில்லை மாற்றும் அசைவே "முடிந்துவிட்டது" என்று அரங்கத்துக்குச் சொல்லிவிடுகிறது. பீபரையும் நவீன வில்லிலேயே வாசித்துவிடலாம் என்று ஒருகட்டத்தில் எண்ணினேன். ஆனால் இறங்கும் அந்த நான்கு சுரங்களும் ஒவ்வொரு முறையும் தாமாகத் தேய்ந்து மறைய வேண்டும், 65 முறையும் கையால் தேய்த்துக்காட்ட எனக்குப் பொறுமையில்லை. கடைசியில் கண்டறிந்த வழி எளியது: இரண்டாவது வில்லை மயிரை முறுக்கி, ரோசின் இட்டு, தாள் தாங்கிக்கு வலப்பக்கம் துணி விரித்த சிறு முக்காலியில், அடிப்பகுதி என்னை நோக்கி இருக்குமாறு முன்கூட்டியே வைத்துவிடுகிறேன். பீபரின் கடைசி நாணுக்குப் பிறகு வயலினைத் தோளிலிருந்து இறக்காமல், உடலையும் தளர்த்தாமல், வலக்கையை மட்டும் நீட்டி மாற்றிக்கொண்டால், அரங்கம் மூச்சைப் பிடித்தபடியே காத்திருக்கிறது.

பார்டோக்குக்குப் பிறகு மீண்டும் மேடைக்கு அழைத்தால் என்ன வாசிப்பது என்பது மிச்சமிருக்கிறது. 1735-ஆம் ஆண்டைச் சேர்ந்த டெலிமானின் பன்னிரண்டு தனி வயலின் ஃபான்டஸியாக்களில் ஏதேனும் ஒன்றின் மெதுவான பகுதி இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். முறைப்படி அதற்குப் பரோக் வில்தான் வேண்டும். ஆனால் பார்டோக்கின் கடைசிப் பகுதியை வாசித்த கை நடுங்கிக்கொண்டிருக்கும். எடை குறைந்த வில் அந்த நடுக்கத்தையெல்லாம் அம்பலப்படுத்திவிடும். அப்போது கையில் இருக்கும் வில்லோடே வாசித்துவிடுகிறேன்.